நிதானம் ஓட்டிய கடைசி வண்டி

எங்கள் நாடு போருக்குப் போனது ஒரு பஸ்ஸைக் காரணம் காட்டி. எண் பதினான்கு, மலைப்பாதை வண்டி, காலை ஐந்தே முக்கால். அது டிப்போ வாசலைத் தாண்டிய நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்ட டைம் கீப்பர் நான். அதை ஓட்டிய டிரைவரை ஊர் முதலில் கொலைகாரன் என்றது, பிறகு மாவீரன் என்றது, அப்புறம் துரோகி என்றது. மூன்றையும் காதால் கேட்டவன் நான். மூன்று தடவையும் கத்தியது அதே ஜனங்கள்தான்.

டிப்போவில் அவருக்குப் பெயர் நிதானம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி, "பத்து நிமிஷம் லேட்டு, வழியில என்னய்யா பண்ணினே?" என்று எகிறியபோது, "நிதானமா வந்தேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாராம். அன்று ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடத்தில் அவர் கைபட்ட வண்டியில் ஒரு கீறல் இல்லை. ஏறுமுன் ஒருமுறை சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் குதிகாலால் உதைத்துப் பார்ப்பார். "மாடு வாங்க வந்த மாதிரி பார்க்காதண்ணே, இது நம்ம மாடுதான்" என்று கண்டக்டர் கேலி செய்வார். அந்தக் கண்டக்டரும் இவரும் பதினொரு வருடமாக ஒரே வண்டி. மாமியார் மருமகள் மாதிரி நாள் முழுக்கச் சண்டை. ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்குச் சோறு இறங்காது.

வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக்கூடத்தை ஒட்டி இரண்டு அறை. மனைவிக்கு அந்தச் சலவைக்கூடத்தில் வேலை. எப்போது போனாலும் சுவரில் ஈரமும் சோடா வாசனையும் இருக்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவியின் தம்பியைச் சின்ன வயதிலிருந்து இவர்கள்தான் வளர்த்தார்கள். அவன் வெல்டர் ஆகி, இருபத்தைந்து வயதில் மாமாவைவிட ஒரு சாண் உயரமாக நின்றான்.

நாட்டை ஆண்டுகொண்டிருந்தவரைப் பெரியவர் என்போம். அது அவருடைய பத்தொன்பதாவது வருடம். தேர்தலை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. என் அறையில் அவர் படத்துக்குக் கீழேதான் என் நாற்காலி. வருடா வருடம் புதுப் படம் வரும். ஒவ்வொன்றிலும் முந்தினதைவிட இளமையாக இருப்பார்.

அந்த வருடம் கடைகளில் மாவு இல்லை, எண்ணெய் இல்லை, கைக்குழந்தைக்குப் பால் பவுடர் இல்லை. மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. ரயில்வே யார்டிலும் கூட்டம் சேர்ந்தது. கண்டக்டர் ஒரு நாள் கணக்கு முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "முன்னாடியெல்லாம் அவரு பேரை எடுத்தா டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்குவாங்க. இப்ப ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுத் திட்டுறாங்க சார்."

பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்த ஒர்க்ஷாப் போர்மேன் சிரித்தார். "அப்ப இவரு சீக்கிரம் யாரோடயாவது சண்டைக்குப் போவாரு, பாரு. எங்க தெருவுல ஒருத்தன் இருந்தான். வீட்ல அடுப்பு எரியாத அன்னிக்கெல்லாம் வெளியில இறங்கிப் பக்கத்து வீட்டுக்காரன் சட்டையைப் பிடிப்பான். பொண்டாட்டி சோறு கேட்கிறதை மறந்துட்டு விலக்கிவிட ஓடி வருவா."

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் என்ன தப்பு பண்ணினான்?" என்றேன்.

"பக்கத்துல இருந்தான். அது போதாதா?"

நாங்கள் மூவரும் சிரித்தோம்.

எங்களுக்கு இருந்த கவலை பிரேக் லைனிங், தேய்ந்தால் மாற்றிப் போடும் பட்டை. எட்டு மாதமாகக் கேட்டும் வரவில்லை. அணிவகுப்பு மைதானத்துக்குப் புது மேடை வந்தது, மேடைக்கு மின்விளக்கு வந்தது, எங்களுக்கு ஒரு லைனிங் வரவில்லை. வண்டிக் குறை எழுதும் நோட்டில் நிதானம் மூன்று தடவை எழுதியிருந்தார்: "பிரேக் இழுவை இல்லை." மூன்றாவது தடவை கீழே அழுத்திக் கோடும் போட்டிருந்தார். போர்மேன் கையை விரித்தார். "நான் என்ன என் பல்லைப் பிடுங்கியா வைக்க முடியும்? ஓட்டுய்யா, மெதுவாப் போனா சமாளிக்கலாம்."

அன்று காலை ட்ரிப் ஷீட்டைக் கொடுத்தபோது கேட்டேன். "எழுதினதைப் பார்த்தாங்களாண்ணே?"

"பார்த்தாங்க. பார்த்துட்டு நோட்டை மூடிட்டாங்க" என்றார். டயர்களை உதைத்துவிட்டு ஏறினார்.

அந்தப் பாதை கணவாய் ஏறி, பிறகு ஓடையை ஒட்டி இறங்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் அடுத்த நாடு. இறக்கத்தில் பிரேக் போயிற்று. ஐந்தாவது வளைவில் வண்டி ஓடைக்குள் உருண்டது. வண்டியில் முப்பது பயணிகள். இருபத்தோரு பேரும் கண்டக்டரும் செத்துப்போனார்கள். ஒன்பது பயணிகள் பிழைத்தார்கள். நிதானத்துக்குத் தோள்பட்டை எலும்பும் வலது காலும் முறிந்தன. அடிபட்டவர்களை முதலில் தூக்கி மேலே கொண்டுவந்தது ஓடைக்கு அந்தப் பக்கம் விறகு வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர். இதை நான் சொல்வதால் மட்டும்தான் இது உங்களுக்குத் தெரியும். எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் செத்தவர்களின் உறவினர்கள் நின்றார்கள். நான் பார்க்கப் போனபோது ஒருவர் கதவு வழியாக ஒரு தம்ளரை வீசினார். அது கட்டிலில் பட்டு உருண்டது. "தூங்கிட்டியாடா? குடிச்சிருந்தியாடா? வெளிய வாடா!" கண்டக்டரின் மனைவி மட்டும் கத்தவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து நிதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானம் கூரையைப் பார்த்தபடி, "பிரேக் பிடிக்கலம்மா" என்று திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். யார் காதிலும் விழவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், கையில் ஒரு பை ஆரஞ்சு. நிதானத்தின் மனைவி அறையில் இருந்தாள். நடந்ததை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். அந்த மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்து, சுளைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டே கேட்டாராம்.

"வண்டி உருள்றதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"பிரேக் டிரம் கத்துச்சு சார். அப்புறம் டயர் ஒண்ணு வெடிச்சது."

"அப்ப வெடிச் சத்தம் கேட்டுச்சு."

"டயர், சார்."

"டயர் வெடிச்சதைக் கண்ணால பார்த்தீங்களா?"

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு எப்படி சார் பார்க்கிறது?"

"அப்ப பார்க்கல. சத்தம் மட்டும் கேட்டீங்க." ஒரு சுளையை நிதானத்தின் பக்கம் நகர்த்தினார். "பாருங்க, ரெண்டு வழி இருக்கு. பிரேக்குன்னு சொன்னா, வண்டி டிரைவர் கையில இருந்தது. இருபத்திரண்டு உயிர். வெளியில நிக்கிறவங்களை நான் எத்தனை நாள் தடுக்க முடியும்? அந்தப் பக்கத்துலேர்ந்து குண்டு விழுந்துச்சுன்னா, நீங்க குண்டு மழையில ஒன்பது பேரைக் காப்பாத்தினவரு."

நிதானம் அந்தச் சுளையைத் தொடவில்லை. பிறகு, "நான் என்ன சொல்லணும்?" என்றார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். உடம்பு முடியாதவரைத் தொந்தரவு பண்ணுவோமா? இல்லைன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

நிதானம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அதிகாரி மீதிச் சுளைகளைத் தானே தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று மதியமே இரண்டு பேர் டிப்போவுக்கு வந்து குறை நோட்டை எடுத்துக்கொண்டு அதே அளவில் வெற்று நோட்டு ஒன்றை வைத்தார்கள். பழைய நோட்டிலிருந்த நாலு மாதக் குறைகளையும் அதில் நான் மறுபடி எழுதினேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்று வேறு வேறு பேனாவாக எடுத்துக் கொடுத்தார். நிதானம் பிரேக் என்று எழுதிய மூன்று இடத்திலும் "விளக்கு மாற்ற வேண்டும்", "இருக்கை கிழிந்துள்ளது" என்று எழுதினேன். வெட்கப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். பயந்தேன். வெட்கம் வர ரொம்ப நாள் ஆயிற்று.

பிழைத்த ஒன்பது பேரையும் அந்த மெல்லிய குரல் போய்ப் பார்த்தது. எட்டுப் பேர் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் பிரேக் என்றாள். அவளை அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை பெரியவர் டிவியில் வந்தார். ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. அன்று சீருடை போட்டிருந்தார். தையற்கடையில் போட்ட மடிப்புக்கூடத் தோளில் கலையவில்லை. நாம் போரை விரும்பவில்லை, நம்மீது திணிக்கிறார்கள் என்றார். தூங்கும் பயணிகள்மீது குண்டு போட்ட கோழைகள் என்றார். அந்த மலைகள் நம் பாட்டன் பூட்டன் நடந்த மண் என்றார். அங்கே நம் ரத்தச் சொந்தங்கள் நம்மை அழைத்துக் கதறுகிறார்கள் என்றார். என் வயதுக்கு நான் அந்தச் சொந்தங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் குரல் உடைந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் டிப்போ கேன்டீனில் ஆண்கள் அழுதார்கள். மாவு கிடைக்காமல் காலையில் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிய அதே ஆண்கள்.

ஒரே வாரத்தில் மில் திறந்தது. வேலைநிறுத்தம் நடத்தியவர்கள் எதிரியின் கையாட்கள் என்று வீட்டிலிருந்து அள்ளிப் போனார்கள். தேர்தல், போரில் ஜெயித்த பிறகு என்றார்கள். மாவு அப்போதும் வரவில்லை. மாவு எங்கே என்று கேட்கும் வாய்தான் மூடியது. அந்த மனிதனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. மலையும் வேண்டாம், ரத்தச் சொந்தமும் வேண்டாம். போர்மேன் சொன்ன அந்தத் தெருச் சண்டைக்காரனாவது தன் கையால் அடித்துத் தன் மூக்கில் வாங்கினான். இவன் அடுத்தவன் பிள்ளைகளை அனுப்பி அடித்தான்.

தம்ளர் வீசியவர் மாலையோடு வந்து நிதானத்தின் முறியாத காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்டக்டரின் மனைவி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது போக மீதியையும் வீட்டுக்கு வந்த முதல் நாளே நிதானம் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். "இதை என்கிட்ட சொன்னீங்க. இந்தச் சுவத்துக்கிட்டகூட இனிமே சொல்லாதீங்க." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருவரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தம்பி பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா கரண்டியைக் கீழே போட்டாள்.

"உன்னை யாருடா கேட்டா? வெல்டிங் கடையை விட்டுட்டு நீ எதுக்குடா சாகப் போறே?"

"மாமா மேல குண்டு போட்டவனைச் சும்மா விடச் சொல்றியாக்கா? நம்ம அப்பா செத்தப்புறம் எனக்குச் சோறு போட்டது இவரு. நான் போகாம யாரு போவா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான். அவனை நிறுத்தினால், ஏன் நின்றான் என்று நாளைக்குக் கேட்பார்கள். அவன் நண்பர்களிடம் சொல்வான். அந்த நண்பர்களில் ஒருவன் இன்னொருவரிடம் சொல்வான். இந்தக் கணக்கெல்லாம் அவர் தலையில் ஓடியதை அவளால் பார்க்க முடிந்தது. நிதானம் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

"ஜாக்கிரதையா இரு மாப்ளே" என்றார்.

"ஆஸ்பத்திரியில வாயை மூடினது பயத்துல. அவனைத் தடுக்காம மூடினதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அடுத்த இரண்டு வருடம் அவரைக் காட்சிப் பொருளாக்கினார்கள். கைத்தடியோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூட்டிப் போவார்கள். மனப்பாடமாக நாலு வரி: சத்தம் கேட்டது, நெருப்பைப் பார்த்தேன், பயணிகளைக் காத்தேன், நாடு வாழ்க. பேசும்போது தரையைப் பார்ப்பார். அடக்கம் என்று பத்திரிகை எழுதியது. நசுங்கிய வண்டியை மில்லுக்கு எதிரே சதுக்கத்தில் மேடை கட்டி ஏற்றி வைத்தார்கள். பக்கவாட்டில் மூன்று பெரிய ஓட்டைகள், சுற்றிக் கறுப்பு. வேலைக்குப் போகிற தொழிலாளி தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

இரண்டாவது வருடம் முடியப்போகிற நேரத்தில் தம்பி திரும்பினான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இரண்டு கட்டைகளை அக்குளில் கொடுத்து நடந்தான். அவனோடு போன நாற்பது பேரில் ஆறு பேர் மிச்சம் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவின் வண்டியைப் பார்க்கணும் என்று சொல்லிக் கிளம்பினான். நான் கூடப் போனேன். காவலுக்கு நின்றவன் அவன் காலைப் பார்த்துவிட்டு சல்யூட் வைத்து மேலே ஏற விட்டான்.

அவன் முதல் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினான். பிறகு இரண்டாவதை. பிறகு கட்டையைச் சாய்த்துவிட்டுக் குனிந்து உள்பக்கம் பார்த்தான். என் பக்கம் திரும்பியபோது முகத்தில் ஒன்றும் இல்லை. "போலாம்" என்றான்.

வீட்டில் நிதானம் கட்டிலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஓட்டை குண்டு விழுந்த ஓட்டை இல்ல" என்றான் தம்பி. "கேஸ் கட்டர்ல வெட்டினது. ஓரத்துல இரும்பு உருகி மணி மணியா நிக்குது. உள்ளேர்ந்து வெட்டியிருக்கான். வேலை தெரியாத பய, கோடுகூட நேரா போகல. மேல கறுப்புப் பெயின்ட் அடிச்சிருக்கான். நான் குண்டு விழுந்த வண்டி பார்த்திருக்கேன் மாமா. உள்ள உட்கார்ந்து பார்த்திருக்கேன்."

நிதானம் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன நடந்துச்சு?"

"பிரேக் பிடிக்கல."

அக்கா வாசலில் வந்து நின்றாள். தம்பி அவளைப் பார்த்தான். "உனக்கும் தெரியுமா?"

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"உனக்கு?" என்று என்னிடம் கேட்டான். நோட்டைப் பற்றிச் சொன்னேன். பேனாக்களைப் பற்றியும் சொன்னேன்.

அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் உட்கார இடம் தேடினான். கிடைக்காமல் சுவரில் சாய்ந்தான். "நான் அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குள்ள போனேன். ரெண்டு பேரு இருந்தாங்க. 'எங்க மாமா வண்டி மேல குண்டு போட்டீங்களேடா'ன்னு கத்திக்கிட்டே சுட்டேன். அவங்க என்னன்னே புரியாம பார்த்தாங்க. அந்த முழியைப் பார்த்து, நடிக்கிறாங்கன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கினான். "ஒரு வார்த்தை. சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தோம். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

அன்றோடு மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தினான்.

மூன்று வாரம் கழித்து வண்டி கவிழ்ந்த இரண்டாம் ஆண்டு நாள். சதுக்கத்தில் கூட்டம். முன்வரிசையில் செத்தவர்களின் குடும்பங்கள், ஒவ்வொருவர் நெஞ்சிலும் தியாகி குடும்பம் என்ற பட்டை. நிதானத்தை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவர் அன்று தரையைப் பார்க்கவில்லை.

"நான் சொல்லிட்டு வந்தது பொய். குண்டு விழல. பிரேக் பிடிக்கல. மூணு தடவை எழுதிக் குடுத்தேன். லைனிங் வரல. அந்தப் பக்கத்து ஆளுங்கதான் எங்களைத் தூக்கி..."

மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகும் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் மேடை ஏறுமுன் முன்வரிசை ஏறிவிட்டது. தம்ளர் வீசிவிட்டுப் பிறகு காலைப் பிடித்து அழுதாரே, அவர்தான் முதல் அடி கொடுத்தார். "என் மவன் நாட்டுக்காகச் செத்தான்டா! உன் ஓட்டை பஸ்ஸுல அடிபட்டுச் சாகலடா!" ஒரு தாய் செருப்பைக் கழற்றி அவர் வாயிலேயே அடித்தாள். போருக்குப் போன பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பின்வரிசையிலிருந்து நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு இன்னும் வெறி. இது பொய் என்றால் அவர்கள் பிள்ளைகள் எதற்குச் செத்தார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவனை அடித்துக் கொன்றுவிட்டால் கேள்வியும் செத்துவிடும் என்பதுபோல் அடித்தார்கள். கடைசியில் போலீஸ்தான் அவரை உயிரோடு பிடுங்கிக்கொண்டு போனது. கண்டக்டரின் மனைவி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அடிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

தியாகிகளை இழிவுபடுத்திய குற்றத்துக்கு ஒன்பது வருடம் ஜெயில். அவர் மனைவிக்குச் சலவைக்கூடத்தில் வேலை போயிற்று. கதவில் சாணியும் கரியும் பூசினார்கள். அவள் தினமும் காலையில் கழுவுவாள், மறுபடி பூசுவார்கள். தம்பி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து வெல்டிங் வேலை தொடங்கினான். நெருப்புப் பொறி பறக்கிற இடத்தில் பூச வருகிறவன் குறைந்தான்.

போர் இரண்டு வருடமும் சில மாதமும் நடந்தது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். எல்லை அதே ஓடை. ஜெயித்துவிட்டோம் என்றார் பெரியவர். பட்டாசு வெடிக்கச் சொன்னார்கள், வெடித்தோம். நாலு வருடம் கழித்து அவருடைய தளபதிகளே அவரை விமானத்தில் ஏற்றி எங்கோ அனுப்பினார்கள். என் அறையில் படம் மாறியது. இவரும் சீருடையில்தான் இருக்கிறார். சதுக்கத்திலிருந்த வண்டியை ஒரு கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. பொது மன்னிப்பில் நிதானம் வெளியே வந்தார். அவர் செய்தது தப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை, மன்னித்துவிட்டதாகத்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தவரைத் தம்பி 'இந்தா' என்று கூப்பிடுகிறான். 'இந்தா, சோறு வச்சிருக்கு.' 'இந்தா, மருந்தைக் குடி.' இன்றுவரை அதுதான்.

அவர் வந்து ஒரு மாதம் இருக்கும். கண்டக்டரின் மனைவி டிப்போவுக்கு வந்து என் ஜன்னலில் தட்டினாள். "எங்க இருக்கான் அவன்? கூட்டிட்டுப் போ." முன்பு அவரை அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கூட்டிப் போனேன்.

நிதானம் அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தார். "உட்காரும்மா."

"உட்கார வரல. எனக்குப் பிரேக்குன்னு அன்னிக்கே தெரியும். காலையில கிளம்பும்போது சொல்லிட்டுத்தான் போனாரு, இன்னிக்காவது லைனிங் வருதா பார்ப்போம்னு. ஆனா எப்படிச் செத்தாருன்னு ஒருத்தனும் சொல்லல. ஒரே நொடியில போயிட்டாருன்னாங்க. நாட்டை வாழ்த்திக்கிட்டே போனாருன்னு பாடப் புஸ்தகத்துல போட்டாங்க. அது என் புருஷன் இல்ல. நடந்ததைச் சொல்லு."

நிதானம் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "ரெண்டாவது வளைவுல பெடல் தரையோட போயிடுச்சு. திரும்பாமலே 'பிரேக் இல்லடா'ன்னேன். அவன் பின்படிக்கட்டுல நின்னுட்டிருந்தான். அப்ப வேகம் கம்மிதான், குதிச்சிருக்கலாம். முன்னால ஓடி வந்தான். எல்லாரையும் பின்னாடி போங்கன்னு விரட்டினான். போனவங்கதான் அந்த ஒன்பது பேரு. நான் யாரையும் காப்பாத்தல. ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு, என் சீட்டுக் கம்பியில காலை முட்டுக் கொடுத்து இழுத்தான். திட்டிக்கிட்டே இழுத்தான்."

"என்னன்னு திட்டினாரு?"

"'எழுதி எழுதிக் குடுத்தோமே, எந்த நாயி படிச்சுது'ன்னான். அப்புறம் 'பாறைப் பக்கம் உரசுண்ணே, உரசு'ன்னான். உரசினேன். நாலு வளைவு தாண்டிட்டோம்."

"திட்டிக்கிட்டேதான் இருந்திருப்பாரு" என்றாள். பிறகு முகம் மறுபடி இறுகியது. "உன்னை நான் மன்னிக்கல."

"தெரியும்மா."

"அந்தப் பெரிய மனுஷனையும் மன்னிக்கல. அவனை எங்க போய்த் தேடுறது? நீதான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கே."

நிதானத்தின் மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள். வந்தவள் அதை வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். உட்காரவில்லை. கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அவர் இரண்டாவது வளைவிலிருந்து ஆரம்பித்தார்.